இதரச் செலவு ஒன்பதாயிரம்

பிள்ளைகளிடம் என் வருமானத்தைச் சொல்லிவிடுவது என்று ஒரு சனிக்கிழமை காலை, முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு நின்றபோது முடிவு செய்தேன். பெரிய முடிவுகளை எல்லாம் நான் சவரம் செய்யும்போதுதான் எடுப்பேன். அந்தப் பத்து நிமிஷம்தான் வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்க வருவதில்லை.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் ராமர். வயது நாற்பத்தெட்டு. பதினேழு வருஷம் மஸ்கட்டில் ஒரு குழாய்க் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊர் திரும்பி, திண்டுக்கல்லில் தாடிக்கொம்பு ரோட்டில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கிறேன். அங்கேயும் குழாய், இங்கேயும் குழாய். தண்ணீர்தான் இரண்டு இடத்திலும் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை தமிழில் படித்தேன். அதற்கு மேல் ஆங்கிலம். அதனால் எந்த விஷயத்திலும் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இருக்கும். வருமானத்தைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று தமிழில் யோசித்தால், கூடாது என்று வந்தது. என் அப்பா மில்லில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தார். அவர் சம்பளம் எவ்வளவு என்பது, அவர் போன பிறகு வைப்பு நிதிக்காரர்கள் அனுப்பிய காகிதத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் யோசித்தால், சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும் என்று வந்தது. மஸ்கட்டில் என் மேலாளரின் எட்டு வயது மகன், அப்பாவின் சம்பளத்திலிருந்து வீட்டு வாடகையைக் கழித்துப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் வேண்டாம் என்று சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவனுக்கு ஜலதோஷம் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அதை விடுங்கள்.

உங்களிடம் மறைப்பானேன், எனக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. மூத்தவள் சுகன்யா பிளஸ் டூ முடித்துவிட்டாள். கட்டடக் கலை படிக்க வேண்டுமாம். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ஐந்து வருஷப் படிப்பு. இரண்டாம் வருஷத்திலிருந்து வங்கிக் கடன் தருவதாகச் சொன்னார்கள். முதல் வருஷக் கட்டணமும் விடுதியும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் நம் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆனி மாதக் கடைசிக்குள்.

என் கையில் அது இல்லை. இல்லை என்று சொல்ல வாயும் இல்லை. மூன்று வயதில் கரித்துண்டை எடுத்து வீட்டுச் சுவரில் வீடு வரைந்த பிள்ளை அவள். அவளிடம் போய், இங்கேயே உள்ளூர்க் கல்லூரியில் பி.காம் சேர்ந்துகொள் என்று எந்த முகத்தோடு சொல்வது? அதனால்தான் இந்தத் திட்டம். வரவையும் செலவையும் திறந்து காட்டிவிட்டால், அவளே பார்ப்பாள். அவளே கூட்டிக் கழிப்பாள். அவளே, "வேணாம்ப்பா, நான் இங்கயே படிக்கிறேன்" என்பாள். நான் கண் கலங்க வேண்டும். அதையும் கண்ணாடி முன்னால் ஒருமுறை செய்து பார்த்துக்கொண்டேன்.

என் மனைவி மாலதி அடுப்படியில் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். போய், உலக நடப்பில் ஆரம்பித்து, வெளிப்படைத்தன்மை வழியாக, நாளை காலை ஒரு குடும்பக் கூட்டம் என்பதில் கொண்டுவந்து முடித்தேன். அவள் நிமிராமல் கேட்டுக்கொண்டாள்.

"சின்னப் புள்ளைககிட்டச் சொல்ற விஷயமாங்க இது?"

"சொல்லணும் மாலதி. சொல்லாம வளத்து வளத்துத்தான் நம்ம ஊரு இப்படிக் கெடக்கு."

"பானுவுக்கு ஒம்பது வயசு. பள்ளிக்கூடத்துல போயிச் சொல்லிருவா."

"சொல்லட்டும். உழைச்சுச் சம்பாதிக்கிறதச் சொல்றதுல என்ன வெக்கம்?"

கத்தரிக்காய்க் காம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாக்குவாதம் ஒரு அரைமணி நேரமாவது நடக்கும் என்று ஏழெட்டு உதாரணங்கள் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவள், "சரிங்க, சொல்லுங்க" என்றுவிட்டாள். "ஆனா சொல்றதுன்னா ஒண்ணு விடாம முழுசாச் சொல்லணும். பாதியச் சொல்லிப் பாதிய ஒளிச்சு வச்சீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

ஒன்று விடாமல் சொல்கிறேன் என்று பழனி முருகன் காலண்டரைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் மாலதி இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்ட விஷயம் வேறு கிடையாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. சின்னவள் பானுப்ரியாவின் எழுதுபலகையைச் சுவரோரம் நாற்காலியில் நிறுத்திவைத்தேன். முதலில் பிள்ளைகளின் மனதை அறிந்துகொள்வோம் என்று, அப்பா மாதம் எவ்வளவு சம்பாதிப்பதாக நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை இதுவரை கேட்டதே இல்லையே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பானு யோசிக்கவே இல்லை. "ஒரு கோடி."

"மாசத்துக்கா?"

"ஆமா. நீ மஸ்கட்ல இருந்தேல்ல. எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

சுகன்யா சொல்லத் தயங்கினாள். வற்புறுத்தியதும், பதினஞ்சாயிரம் இருக்குமா என்றாள். யாரும் இல்லாத அறையில் மின்விசிறி ஓடினால் நான் ஓடிவந்து அணைப்பதை வைத்தும், பற்பசைக் குழாயைக் கத்தரித்துத் திறந்து வழிப்பதை வைத்தும் அவளாகப் போட்ட கணக்காம் அது. ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்று வளர்கிற இரண்டு பிள்ளைகள். ஒருத்தி கோடீஸ்வரன் வீட்டில் வளர்ந்திருக்கிறாள். இன்னொருத்தி நாளைக்கு அரிசி இருக்குமோ என்று வளர்ந்திருக்கிறாள். நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் எதுவும் தெரியாமல் இருப்பார்கள் என்று நினைக்கிறோம். அவர்கள் சும்மா இருப்பதில்லை. ஆளுக்கொரு அப்பாவைச் செய்துவைத்துக்கொள்கிறார்கள். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதற்கே கூட்டம் போட்டது நியாயம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

பலகையில் எழுதினேன். கடையில் எல்லாச் செலவும் போக முப்பத்து நாலாயிரம். மாடி வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு. ஆக நாற்பதாயிரத்து ஐந்நூறு. பானுவின் முகம் தொங்கிவிட்டது. ஒரு கோடியிலிருந்து அவ்வளவு தூரம் இறங்க வேண்டியிருந்தது பாவம். சுகன்யா முகம் மலர்ந்துவிட்டது. "அம்புட்டு வருதாப்பா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் எதிர்பார்த்த முகம் இதுவல்ல.

அவசரமாகச் செலவுக்குத் தாவினேன். வீட்டுக் கடன் பன்னிரண்டாயிரம். மளிகை, காய், பால் பதினோராயிரம். பானு பள்ளிக்கூடம் மூவாயிரத்து ஐந்நூறு. மின்சாரம், எரிவாயு, பெட்ரோல், போன் எல்லாம் ஐயாயிரம். கடைசியாக, இதரச் செலவு ஒன்பதாயிரம். கோடு போட்டுக் கூட்டினேன். வரவு நாற்பதாயிரத்து ஐந்நூறு. செலவு நாற்பதாயிரத்து ஐந்நூறு. மிச்சம் என்று எழுதி, பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டேன். அதைச் சுற்றி இன்னொரு வட்டமும் போட்டேன். பிறகு சாக்பீசைக் கீழே வைத்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, இதில் நான் எதையும் சொல்ல விரும்பவில்லை, நீங்களே பாருங்கள் என்றேன்.

சுகன்யா பார்த்தாள். வீட்டுப் படம் வரைகிற பிள்ளை இல்லையா, எந்தச் சுவர் எங்கே கோணலாக இருக்கிறது என்று பார்க்கிற கண் அவளுக்கு.

"இதரம்னா என்னப்பா?"

"இதரம்னா... இதரந்தான். சில்லறைச் செலவு."

"ஒம்பதாயிரமா? மளிகைக்கு அடுத்து அதுதான்பா பெருசு."

நான் காலண்டரைப் பார்த்தேன். முருகன் என்னைப் பார்த்தார். மாலதி எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது அவள் கையில் ஆறு நீளநோட்டுகள். எல்லாவற்றுக்கும் மஞ்சள் தடவிய அட்டை. பலகைக்கு முன்னால் வைத்துவிட்டு, மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"முழுசாச் சொல்றேன்னு சொன்னீங்கள்ல."

அவை எங்கள் வீட்டு மொய் நோட்டுகள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால்காய்ப்பு என்று எது நடந்தாலும் வாசலில் ஒரு மேசை போட்டு மொய் எழுதுவார்கள். செய்முறை என்றும் சொல்வோம். எழுதினால் போதாது. மைக்கில் வாசிப்பார்கள். "திண்டுக்கல் ராமர், ஐயாயிரத்து ஒண்ணு" என்று தென்னந்தோப்புகளைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். இன்றைக்கு நான் வைப்பதை, நாளை என் வீட்டு விசேஷத்தில் அவர் மேலே கொஞ்சம் போட்டுத் திருப்பி வைப்பார். மஸ்கட்டில் இருந்தபோது இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு மனிதன் எவ்வளவு கொடுக்கிறான் என்பதை ஒலிபெருக்கியில் சொல்கிற ஊர், எவ்வளவு சம்பாதிக்கிறான் என்பதை அவன் வீட்டுக்குள் கூடச் சொல்லாது. விசித்திரம்தான். யோசித்தேனே ஒழிய, குறைத்து வைத்தேனா என்றால் இல்லை. வெளிநாடு போய் வந்தவன் ஐந்நூற்று ஒன்று வைத்தால் அந்த மைக்குக்காரன் வேண்டுமென்றே இரண்டு தடவை வாசிப்பான்.

சுகன்யா நோட்டுகளை எடுத்துக்கொண்டாள். பானு கால்குலேட்டரை எடுத்துக்கொண்டாள். வருமானம் சொல்லக் கூட்டிய கூட்டம், கணக்கு விசாரணையாக மாறிவிட்டது. இந்த வீட்டுக்குப் பால்காய்ப்பு வைத்த நாளிலிருந்து பதினோரு வருஷம். நான் மஸ்கட்டில் இருந்த காலத்தில் மாலதி என் பெயரில் போய் வைத்தவை, வந்தபிறகு நானே போய் நெஞ்சை நிமிர்த்தி வைத்தவை. மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று விசேஷம். தொகை ஆறு லட்சத்து நாற்பத்து நாலாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று.

"அந்த ஒத்த ரூவாய மட்டும் கூட்டுனாலே எரநூத்திப் பதிமூணுப்பா" என்றாள் பானு. அவளுக்கு அதுதான் ஆச்சரியம்.

சுகன்யாவுக்கு வேறு ஆச்சரியம். இது எல்லாமே திரும்பி வர வேண்டிய பணம்தானே, ஏன் வரவில்லை என்று கேட்டாள். நல்ல கேள்வி. விசேஷம் வைத்தால்தான் வரும். பந்தல் வேண்டும், மைக் வேண்டும், பந்தி வேண்டும். அது இல்லாமல், "அப்பு, அன்னைக்கு வச்சதத் திருப்பிக் குடு" என்று எந்த வீட்டுப் படியும் ஏற முடியாது. அப்படியானால் பால்காய்ப்புக்குப் பிறகு நம் வீட்டில் ஏன் விசேஷமே நடக்கவில்லை என்றாள். அதுவும் நல்ல கேள்வி. பதில்தான் நல்லதாக இல்லை.

மாலதி நிதானமாகப் பதில் சொன்னாள். சுகன்யாவுக்குச் சடங்கு வைக்கலாம் என்றபோது, மஸ்கட்டிலிருந்து போனில் நாற்பத்தைந்து நிமிஷம் பேசி அதை நிறுத்தியது அப்பா. "அதுல அவர் சொன்னது சரிதான். உனக்கும் அது புடிக்கல." பானுவுக்குக் காது குத்தியபோது ஆடம்பரம் வேண்டாம் என்று பழனிக்குப் பத்துப் பேரோடு போய் வந்ததும் அப்பா. "அதுவும் நல்ல எண்ணந்தான்." கையிலிருந்த இரண்டு வாய்ப்பையும் கொள்கைக்காகச் செலவழித்துவிட்டு, கொடுப்பதில் மட்டும் கொள்கையே இல்லாமல் இருந்திருக்கிறேன். இதை அவள் சொல்லவில்லை. நோட்டுகளைப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது.

"அப்போ இனிமே நம்ம வீட்ல விசேஷமே கெடையாதா?" என்றாள் சுகன்யா. குரல் உடைந்திருந்தது. பலகையில் இருந்த என் பூஜ்யத்தை அவள் இப்போதுதான் உண்மையாகப் பார்த்தாள். நான் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த கட்டம் இதுதான். வந்தபோது அது கொஞ்சமும் நன்றாக இல்லை.

பானு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். அக்காவுக்குக் காது குத்தியாச்சு. எனக்குக் குத்தியாச்சு. அம்மாவுக்கு எப்பவோ குத்தியாச்சு. விரல் அப்படியே நின்றது.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தை அல்ல. முகத்தின் இரண்டு பக்கமும்.

எனக்குக் காது குத்தவில்லை. அது எங்கள் குடும்பத்தில் ஒரு தழும்பு. எனக்கு இரண்டு வயதில் குலதெய்வம் கோயிலில் நாள் குறித்தார்கள். தாய்மாமன் சீரில் கிடா சின்னதாக இருக்கிறது என்று என் அப்பா சொன்னார். கிடா வளரும், உங்க புத்தி வளராது என்று குருசாமி மாமா சொன்னார். விசேஷம் அதோடு நின்றது. பிறகு பேச்சுவார்த்தை வந்தது, போக்குவரத்து வந்தது. காது மட்டும் அப்படியே இருந்துவிட்டது.

"வெளையாடாதீங்க" என்றேன். "எனக்கு நாப்பத்தெட்டு வயசு."

"குலதெய்வத்துக்குப் பாக்கி நிக்குதுங்க. வயசு என்ன வயசு" என்றாள் மாலதி.

"மாமாவுக்கு எழுபத்து நாலு. அவர் மடியில நான் எப்படி உக்கார?"

"செத்த நேரந்தானே."

"அவர் ஒத்துக்கவே மாட்டாரு. அந்தக் கிடாக் கோவம் இன்னும் போகல."

"போன வாரமே கேட்டுட்டேன். கிடா புடிச்சுக் கட்டிட்டாராம். இந்தத் தடவ பெருசுதானாம்."

போன வாரமே. நான் சவரம் செய்து முடிவெடுப்பதற்கு ஐந்து நாள் முன்னால். என் தலைக்குள் ஒரு யோசனை வருவதற்கு முன்பே, தாடிக்கொம்பில் மாமா வீட்டில் ஒரு கிடா அதற்காகப் புல் தின்ன ஆரம்பித்திருக்கிறது.

அடுப்படிக்கு அவள் பின்னாலேயே போனேன். இதை எல்லாம் எப்படி என்று கேட்டேன். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே சொன்னாள். "கோயம்புத்தூர்க் காலேஜ்ல இருந்து கடுதாசி வந்த அன்னைக்கே நீங்க பம்முனீங்க. உங்க வாயால இல்லைன்னு சொல்ல மாட்டீங்க, புள்ள வாயால சொல்ல வைக்கத்தான் ஏதாச்சும் பண்ணுவீங்கன்னு தெரியும். நானாப் போய் மொய் நோட்ட எடுத்து நீட்டுனா, கவுரவம் அது இதுன்னு பேசுவீங்க. நீங்களாச் சொல்றேன்னு வந்தீங்க. நான் ஏன் தடுக்கணும்?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கெட்டிக்காரத்தனத்தைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும் போல ஒரு ஆர்வம்தான் வந்தது. பதினேழு வருஷம் ஆயிரக்கணக்கான குழாய்களுக்குக் கணக்கு வைத்தவன் நான். எந்தக் குழாயைத் திறந்தால் எங்கே தண்ணீர் வரும் என்பது எனக்குத் தெரியாமல் போனதே இல்லை.

அடுத்த மூன்று வாரம் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பத்திரிகை அடித்தார்கள். வழக்கமாகப் பெற்றோர் பிள்ளைக்குக் காதணி விழா வைத்து அழைப்பார்கள். எங்கள் பத்திரிகையில், "எங்கள் அன்புத் தந்தையார் ராமர் அவர்களின் காதணி விழாவுக்கு அழைத்து மகிழும் சுகன்யா, பானுப்ரியா" என்று இருந்தது. வடமதுரை ரோட்டில் பிளெக்ஸ் வைத்தார்கள். சுகன்யாதான் வடிவமைத்தாள். நான்கு மூலையிலும் பொம்மை முயல், பலூன், நடுவில் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த என் புகைப்படம். கடைக்கு வந்த விவசாயிகள் குழாயை விட்டுவிட்டு என் காதையே பார்த்தார்கள். பக்கத்து உரக்கடை பாண்டி, வலிக்குமா என்று தினமும் ஒரு தடவை அக்கறையாக விசாரித்தான்.

ஆனி மாதம் கடைசி ஞாயிறு. கட்டணம் கட்டக் கடைசி நாள் அடுத்த செவ்வாய். வடமதுரைக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வம் கோயிலில் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். சமையல்காரர் மைதீன் பிச்சை அண்ணனின் அண்டாக்கள் விடியலிலேயே இறங்கிவிட்டன. சீரகச் சம்பா பிரியாணி. சம்பளம் மறுநாள் வாங்கிக்கொள்கிறேன் என்று மாலதியிடம் அவர் சொன்னாராம். மொய் மேசையில் ஒரு கணினி, ஒரு மைக், கையில் பணம் இல்லாதவர்களுக்குப் போனில் அனுப்ப ஒரு கட்டம் போட்ட அட்டை. மேசையின் பின்னால் சுகன்யா. எந்த ஊரில் யாருக்கு நாம் எவ்வளவு வைத்தோம் என்று எழுதிய ஆறு நோட்டும் அவள் மடியிலேயே இருந்தன.

மேளத்தோடு மாமா வந்தார். பத்துத் தட்டுச் சீர். பழம், சர்க்கரை, பட்டு வேட்டி, சின்னதாகத் தங்கக் கடுக்கன். முன்னால் கிடா. உண்மையிலேயே பெருசு. என் அப்பா இருந்திருந்தால் ஒரு வார்த்தை பேச முடியாது. மாமாவும் அதைத்தான் நினைத்தார் போல. கிடாவைச் சபை நடுவில் கொஞ்ச நேரம் நிறுத்தி, எல்லோரையும் பார்க்கவிட்டுத்தான் அப்பால் கொண்டுபோகச் சொன்னார்.

மாமாவின் எடை நாற்பத்தாறு கிலோ. என்னுடையது எண்பத்தாறு. மடியில் உட்காருவதா, உட்கார்ந்தது போல் பாவிப்பதா என்று பெரியவர்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. மாமா கையை உயர்த்தினார். "நாப்பத்தாறு வருஷமாக் காலியாக் கெடக்குற மடிடா இது. உக்காருடா" என்றார். முக்கால்வாசி எடையை என் தொடையிலேயே தாங்கிக்கொண்டு, கால்வாசியை அவருக்குக் கொடுத்தேன். அதற்கே அவர் கண் பிதுங்கியது. விடவில்லை, இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். எழுபத்து நாலு வயதுக் கைகள் அவ்வளவு உறுதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

காது குத்துகிற ஆசாரி, புள்ள அழாம இருக்கணும், வாயில ஏதாச்சும் குடுங்க என்றார். பானு ஒரு வாழைப்பழத்தைத் திணித்தாள். அழக்கூடாது என்றுதான் இருந்தேன். வலது காதில் ஒரு மின்னல். பழத்தோடு சேர்த்து ஒரு சத்தம் வந்தது. முன்வரிசைப் பெண்கள், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஆயிருச்சு" என்று கை தட்டினார்கள். யாரோ கிலுகிலுப்பை ஆட்டினார்கள். அது பாண்டி. பரிசாக மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்றும் கொண்டுவந்திருந்தான். மஞ்சள் நிறம்.

இடது காதுக்காகக் காத்திருந்தபோதுதான் மைக் காதில் விழுந்தது. "தாடிக்கொம்பு குருசாமி, தாய்மாமன் செய்முறை, இருபத்தையாயிரத்து ஒண்ணு. சின்னாளபட்டி ஜோதிமணி, பத்தாயிரத்து ஒண்ணு. வடமதுரை சுந்தரம்மாள், ஆறாயிரத்து ஒண்ணு." பதினோரு வருஷமாக எந்தெந்தப் பந்தலில் என் பெயர் மைக்கில் கேட்டதோ, அந்தப் பந்தல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து மேசை முன்னால் நின்றன. யாரும் கணக்குக் கேட்டு வரவில்லை. யாரும் குறைத்தும் வைக்கவில்லை. இதரச் செலவு என்று நான் எழுதியது தப்பு. அதற்குச் சரியான தலைப்பு என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இடது காதும் முடிந்துவிட்டது.

மதியம் மூன்று மணிக்குப் பந்தி ஓய்ந்தது. இரண்டு காதிலும் மஞ்சள் பூசி, ஒரு தூணில் சாயாமல் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். சுகன்யா போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். போனில் வந்த மொய்யிலிருந்தே கோயம்புத்தூருக்குக் கட்டணம் போய்விட்டது. ரசீது வந்துவிட்டது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, கடுக்கனில் கை படாமல், என் கன்னத்தை மட்டும் தொட்டாள். ஒத்திகை பார்க்காமலேயே கண் கலங்கியது. வலி என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் மாலதி மேசையில் உட்கார்ந்து, கணினி அச்சடித்துக் கொடுத்த நீளக் காகிதத்தையும் பணப்பையையும் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பானு பக்கத்தில் நின்று கூட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் முகத்திலும் நல்ல திருப்தி. மைதீன் பிச்சை அண்ணனுக்கு அங்கேயே, அன்றைக்கே எண்ணிக் கொடுத்தாள். பந்தல்காரருக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகும் பை தடிமனாகத்தான் இருந்தது.

மெல்ல எழுந்து போனேன். வெளிப்படைத்தன்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா. அதை இந்த வீட்டில் ஆரம்பித்துவைத்தவனே நான்தானே.

"மாலதி, மொத்தம் எம்புட்டு வந்துச்சு?"

அவள் பையின் வாயை இறுகக் கட்டினாள். என் புதுக் கடுக்கனை ஒரு பக்கம் பார்த்து, மறுபக்கமும் பார்த்து, வாயோரத்தில் ஒட்டியிருந்த வாழைப்பழத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அதெல்லாம் சின்னப் புள்ளைககிட்டச் சொல்ற விஷயம் இல்லீங்க."